ஊறுகாய் பாட்டிலும் காலண்டரும்: இரண்டு படங்களை வேவ்லெட் வழியாக ஒன்றாக்குவது எப்படி?

மேஜையின் இந்த ஓரத்தில் ஓர் ஊறுகாய் பாட்டில். எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர். பாட்டிலுக்கு ஒரு சாண் தூரத்தில் கேமராவை வைத்து அதன் மேல் ஃபோகஸ் செய்தால், லேபிளில் உள்ள பொடி எழுத்துகூடப் பளிச்சென்று விழும். காலண்டர் கலங்கிப் போகும். காலண்டர் மேல் ஃபோகஸ் வைத்தால் தேதி தெரியும், பாட்டில் வெறும் சிவப்புத் திட்டாகிவிடும். லென்ஸுக்கு மிக அருகில் ஒரு பொருள், தள்ளி இன்னொரு பொருள் என்றால் இரண்டையும் ஒரே சொடுக்கில் பிடிப்பது கஷ்டம்.

எனவே இரண்டு படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கும் பகுதியை மட்டும் பொறுக்கி மூன்றாவது படம் ஒன்றை உருவாக்கப் போகிறோம். பூச்சி, பூ, நாணயம் என்று நெருக்கத்தில் படம் எடுப்பவர்கள் இதை ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்பார்கள். இதற்குப் பல வழிகள் உண்டு. இங்கே பார்ப்பது வேவ்லெட் வழி. பள்ளிக்கூடக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், உள்ளே என்ன நடக்கிறது என்று முழுசாகப் புரிந்துவிடும்.

நேராகச் சராசரி எடுத்தால் என்ன?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். இரண்டு படத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் சராசரி எடுத்தால் ஆயிற்று. செய்து பாருங்கள். தெளிவான எழுத்தின் மேல் கலங்கிய எழுத்து ஆவி மாதிரி படிந்து, படம் முழுக்க வெளுத்துப் போகும். பாலில் பாதி தண்ணீர் கலந்த கதை.

அடுத்த யோசனை, படத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் தெளிவான படத்திலிருந்து எடுத்து ஒட்டுவது. இது பரவாயில்லை. ஆனால் ஒட்டுப்போட்ட இடம் தெரியும். ஒரே கட்டத்துக்குள் பாட்டிலின் விளிம்பும் காலண்டரின் மூலையும் வந்துவிட்டால் யாருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்வது?

வேவ்லெட் இங்கேதான் உதவுகிறது. படத்தை இடத்தை வைத்து மட்டும் வெட்டாமல், அளவை வைத்தும் பிரிக்கிறது. நுணுக்கமான கோடுகள் ஒரு தட்டில், கொஞ்சம் பெரிய வடிவங்கள் அடுத்த தட்டில், மொத்தமான வெளிச்சமும் நிழலும் கடைசித் தட்டில். பல கண் அளவுள்ள சல்லடைகளை அடுக்கி மாவு சலிப்பது போல. கலங்கல் என்பது நுணுக்கமான தட்டில் சரக்கு குறைந்து போவதுதான். ஆகவே ஒவ்வொரு தட்டிலும், ஒவ்வொரு இடத்திலும், எந்தப் படத்தில் சரக்கு அதிகமோ அதை எடுத்துக்கொண்டு, எல்லாத் தட்டையும் திரும்பச் சேர்த்தால் நமக்கு வேண்டிய படம் கிடைத்துவிடும்.

நோட்டும் பேனாவும் எடுங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு முறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. நான் இதைச் செய்யாமல் நேராக நிரலுக்குப் போய் இரண்டு வாரம் வீணடித்தவன்.

ஹங்கேரியக் கணித அறிஞர் ஆல்ஃப்ரெட் ஹார் 1910-ல் வெளியிட்ட முறைதான் எல்லாவற்றிலும் எளிமையானது. அப்போது அதற்கு வேவ்லெட் என்ற பெயரே கிடையாது. நான்கு பிக்சல் உள்ள ஒரு சின்னச் சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255. லேபிளில் ஓர் எழுத்தின் ஓரம் என்று வையுங்கள்.

பாட்டில் தெளிவாக உள்ள முதல் படத்தில்:

200, 40
200, 40

அதே இடம், பாட்டில் கலங்கிய இரண்டாவது படத்தில்:

140, 104
136, 100

இப்போது ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் நான்கு எண்கள் எடுக்க வேண்டும்.

சராசரி: நான்கையும் கூட்டி 4-ஆல் வகுக்கவும்.
இட-வல வித்தியாசம்: இடப்பக்க இரண்டின் கூட்டலிலிருந்து வலப்பக்க இரண்டின் கூட்டலைக் கழித்து 4-ஆல் வகுக்கவும்.
மேல்-கீழ் வித்தியாசம்: மேல் வரிசைக் கூட்டலிலிருந்து கீழ் வரிசைக் கூட்டலைக் கழித்து 4-ஆல் வகுக்கவும்.
குறுக்கு வித்தியாசம்: இடது மேல், வலது கீழ் இரண்டின் கூட்டலிலிருந்து மற்ற இரண்டின் கூட்டலைக் கழித்து 4-ஆல் வகுக்கவும்.

முதல் படத்துக்கு வருவது 120, 80, 0, 0. இரண்டாவது படத்துக்கு 120, 18, 2, 0. சராசரி இரண்டிலும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். ஃபோகஸ் போனாலும் மொத்த வெளிச்சம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அடிபடுவது வித்தியாச எண்கள்தான்: 80 என்பது 18 ஆகச் சுருங்கிவிட்டது.

நான்கு எண்ணிலிருந்து பழைய பிக்சல்களைத் திரும்பப் பெறுவதும் சுலபம். இடது மேல் வேண்டுமா? நான்கையும் கூட்டுங்கள். வலது மேல்: சராசரி, கழித்தல் இட-வல, கூட்டல் மேல்-கீழ், கழித்தல் குறுக்கு. இடது கீழ்: சராசரி, கூட்டல் இட-வல, கழித்தல் மேல்-கீழ், கழித்தல் குறுக்கு. வலது கீழ்: சராசரி, கழித்தல் இட-வல, கழித்தல் மேல்-கீழ், கூட்டல் குறுக்கு. எதுவும் தொலைவதில்லை.

சரி, இணைப்போம். சராசரிக்கு இரண்டின் சராசரி, 120. வித்தியாசங்களில் எது பெரியதோ அது. இட-வல 80, மேல்-கீழ் 2, குறுக்கு 0. திரும்பச் சேர்த்தால்:

202, 42
198, 38

நேர்ச் சராசரி எடுத்திருந்தால் 170, 72, 168, 70 என்று வந்திருக்கும். எழுத்தின் கறுப்பு சாம்பலாகியிருக்கும். நம் முறையில் 160 இருந்த இடைவெளி 160 ஆகவே நிற்கிறது.

ஆனால் உன்னிப்பாகப் பார்த்தால் ஒரு சின்ன அழுக்கு. 200 இருக்க வேண்டிய இடத்தில் 202, 198. கலங்கிய படத்திலிருந்து அந்த 2 எப்படியோ உள்ளே புகுந்துவிட்டது. இதைப் பின்னால் சரி செய்வோம், மறந்துவிடாதீர்கள்.

இன்னொரு சதுரம், இந்த முறை காலண்டரின் தேதியிலிருந்து. முதல் படத்தில் (காலண்டர் கலங்கியது) 90, 100, 92, 98. இரண்டாவதில் (தெளிவு) 30, 160, 34, 156. இட-வல வித்தியாசம் முறையே −4, −63. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கணக்குப்படி −4 தான் பெரிய எண்! அதை எடுத்தால் கலங்கிய படம் ஜெயித்துவிடும். ஒப்பிடும்போது மைனஸ் குறியை மறந்துவிட்டு அளவை மட்டும் பாருங்கள், எடுத்து வைக்கும்போது குறியோடு எடுத்து வையுங்கள். எனவே −63.

ஒரு சுற்று போதாது

மேலே செய்தது ஒரு சுற்று. 1024 × 768 பிக்சல் படம் என்றால், முதல் சுற்றில் 512 × 384 அளவில் ஒரு சராசரிப் படமும், அதே அளவில் மூன்று வித்தியாசப் படங்களும் கிடைக்கும். இனி அந்தச் சராசரிப் படத்தை மட்டும் எடுத்து இதையே மறுபடி செய்ய வேண்டும். 256 × 192, பிறகு 128 × 96, பிறகு 64 × 48. நான்கு சுற்று முடிந்தால் 12 வித்தியாசப் படங்களும் ஒரு குட்டிச் சராசரிப் படமும் கையில் இருக்கும். இப்படி அடுக்கடுக்காகப் பிரிப்பதை ஒழுங்கான கோட்பாடாக்கியவர் ஸ்டெஃபான் மல்லா, 1989-ல்.

எத்தனை சுற்று? இதற்கு ஒரு நடைமுறைக் கணக்கு வைத்திருக்கிறேன். கலங்கிய படத்தைப் பெரிதாக்கி, ஒரு கூர்மையான ஓரம் எத்தனை பிக்சலுக்குப் பரவியிருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு சுற்று 4 பிக்சல் வரை, மூன்று 8 வரை, நான்கு 16 வரை, ஐந்து 32 வரை பிடிக்கும். ஓரம் 20 பிக்சலுக்குப் பரவியிருக்கும்போது இரண்டே சுற்றோடு நிறுத்தினால், மிச்சக் கலங்கல் கடைசிச் சராசரித் தட்டில் தங்கி, எழுத்தைச் சுற்றி மூடுபனி போல நிற்கும். அதற்காகப் பத்துச் சுற்று போடவும் கூடாது. கடைசித் தட்டில் ஒரு பிக்சல் என்பது அசல் படத்தில் பெரிய பரப்பு. அங்கே ஒரு தவறான தேர்வு, பாதிப் படத்தின் வெளிச்சத்தையே கெடுத்துவிடும். பெரும்பாலும் 4 அல்லது 5 போதும்.

படம் எடுப்பது

ட்ரைபாட் கட்டாயம். இல்லாவிட்டால் புத்தகங்களை அடுக்கி ஃபோனை முட்டுக்கொடுங்கள். டைமர் வையுங்கள், பட்டனை அழுத்தும் விரலே படத்தை அசைத்துவிடும். வெளிச்ச அளவையும் வெள்ளைச் சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) பூட்டிவிட்டு ஃபோகஸை மட்டும் மாற்றுங்கள். ஃபோனின் சொந்தக் கேமரா செயலியில் இந்த வசதி இல்லையென்றால் கைமுறைக் கட்டுப்பாடு உள்ள வேறு செயலி எதையாவது போட்டுக்கொள்ளலாம். மின்விசிறியை அணையுங்கள். காலண்டர் தாள் ஆடினால் எந்த வேவ்லெட்டும் காப்பாற்றாது.

பொருத்துவது: பாதி வேலை இதுதான்

ட்ரைபாடில் வைத்துத்தானே எடுத்தோம், அப்புறம் என்ன பொருத்துவது என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் முயற்சியில் காலண்டரின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிழல் எழுத்து முளைத்து, 7-ஆம் தேதி 77 மாதிரி வந்தது.

காரணம், ஃபோகஸை மாற்றும்போது லென்ஸ் உள்ளுக்குள் நகர்கிறது. அதனால் காட்சியின் அளவே சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ மாறும். நடுவில் தெரியாது, ஓரங்களில் பல பிக்சல் விலகியிருக்கும்.

ஒரு பிக்சல் விலகல் என்ன செய்யும்? ஒரே வரிசையில் நான்கு பிக்சல்: 10, 10, 90, 90. இரண்டிரண்டாகச் சேர்த்து வித்தியாசம் பார்த்தால் இரண்டு ஜோடியிலும் பூஜ்யம். அங்கே ஓரமே இல்லை என்கிறது முதல் சுற்று! அதே ஓரத்தை ஒரு பிக்சல் நகர்த்தினால் 10, 10, 10, 90. இப்போது இரண்டாவது ஜோடியின் வித்தியாசத்தில் பாதி −40. ஒரே ஓரம், ஒரு பிக்சல் நகர்ந்ததும் பூஜ்யம் 40 ஆகிறது. இரண்டு படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் நாம் ஒப்பிடும் எண்களுக்கு அர்த்தமே இல்லை.

நிரல் எழுதாதவர்கள் ஹூகின் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதோடு வரும் படவரிசை பொருத்தும் கருவியில், காட்சி அளவு மாறியதையும் கணக்கில் எடுக்கச் சொல்லும் தேர்வு உண்டு. அதைக் கட்டாயம் போடுங்கள். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு, ஓப்பன்சிவி என்ற இலவசப் படச்செயலாக்கத் தொகுப்பில் இரண்டு படங்களைப் பொருத்தும் ஈசிசி முறை இருக்கிறது. வெறும் நகர்வை மட்டும் தேடச் சொல்லாமல், அளவு மாற்றத்தையும் சேர்த்துத் தேடும் அஃபைன் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு படத்தில் தெளிவாக இருப்பது மற்றதில் கலங்கியிருப்பதால் பொருத்தும் கருவியும் திணறும். பொருத்தத்தைத் தேடும்போது மட்டும் இரண்டையும் லேசாகக் கலங்கலாக்கிக் கொடுத்தால் வேலை நடக்கும்.

பொருத்திய பின் ஓரங்களில் வெற்றிடம் விழும், வெட்டிவிடுங்கள். வெட்டும்போது நீளமும் அகலமும் 16-ஆல் மீதமின்றி வகுபடும்படி பார்த்துக்கொண்டால் நான்கு சுற்றுக்கும் தலைவலி இல்லை. 4000 × 3000 படத்தில் 3000 வகுபடாது, 2992 வகுபடும். முதல் தடவை செய்பவர்கள் 1024 × 768-க்குச் சுருக்கி வைத்தே பழகுங்கள்.

கணினியில் பிரிப்பது

பைத்தானில் பைவேவ்லெட்ஸ் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. அதில் வேவ்டெக்2 என்ற செயல்கூறு பிரிக்கும், வேவ்ரெக்2 திரும்பச் சேர்க்கும். படம், வேவ்லெட்டின் பெயர், சுற்று எண்ணிக்கை மூன்றையும் கொடுத்தால் போதும். முதலில் கடைசிச் சராசரிப் படமும், அப்புறம் பெரிய வடிவங்களிலிருந்து நுணுக்கம் வரை மும்மூன்று வித்தியாசப் படங்களும் பட்டியலாக வரும்.

நாம் கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் குழம்ப வேண்டாம். நாம் 120 என்றது அங்கே 240 என்று வரும். நாம் 4-ஆல் வகுத்ததற்கு அது 2-ஆல் வகுக்கிறது, திரும்பச் சேர்க்கும்போது ஈடுகட்டிக்கொள்கிறது. இன்னொன்று, நாம் இட-வல வித்தியாசம் என்பதை அது செங்குத்து என்று பெயரிடும். செங்குத்துக் கோடுகள் அதில்தான் விழும் என்பதால்.

எந்த வேவ்லெட்? ஹார் கற்றுக்கொள்ள அருமை, படத்துக்கு அவ்வளவு நல்லதல்ல. தவறான தேர்வு நடந்த இடங்கள் சதுரம் சதுரமாகத் தெரியும். இன்க்ரிட் டோபெஷி 1988-ல் தந்த குடும்பத்தில் டிபி2 அல்லது டிபி4 போட்டால் இழைவாக வரும். நிரலில் பெயரை மட்டும் மாற்றினால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம்.

தேர்வு விதி

இப்போது அந்த 202 விவகாரத்துக்கு வருவோம். ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாகப் போட்டியிடவிட்டதால் வந்த வினை அது. தீர்வு, மூன்று வித்தியாசங்களுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு. முதல் படத்தில் 80 + 0 + 0 = 80. இரண்டாவதில் 18 + 2 + 0 = 20. முதல் படம் ஜெயிக்கிறது, மூன்றையும் அதிலிருந்தே எடு. திரும்பச் சேர்த்தால் 200, 40, 200, 40. துல்லியம்.

அதே புத்தியை அக்கம்பக்கத்துக்கும் நீட்டலாம். ஓர் இடத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது அதைச் சுற்றியுள்ள 3 × 3 எண்களின் அளவுகளையும் கூட்டி ஒப்பிடுங்கள். இருட்டான இடங்களில் கேமரா தூவும் மணல் போன்ற இரைச்சலும் பெரிய வித்தியாச எண்ணாகத்தான் தெரியும். ஒற்றை எண்ணை நம்பினால் இரைச்சலைத் தெளிவு என்று எண்ணி எடுத்துவிடுவீர்கள். அதற்குப் பிறகும் எட்டுப் பக்கமும் முதல் படம் ஜெயித்து, நடுவில் ஒரே ஒரு புள்ளி மட்டும் இரண்டாவது படத்துக்குப் போயிருந்தால் அது சந்தேகத்துக்குரியது. பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மாற்றிவிடுங்கள். லி, மஞ்சுநாத், மித்ரா மூவரும் 1995-ல் எழுதிய கட்டுரையில் இந்தப் பெரும்பான்மைச் சரிபார்ப்பு இருக்கிறது. இன்றுவரை இதைத் தவிர்த்துவிட்டு உருப்படியான படம் எனக்கு வந்ததில்லை.

வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் போட்டியிட விடாதீர்கள். ஓரங்களில் இல்லாத நிறம் முளைக்கும். 0.299 பங்கு சிவப்பு, 0.587 பங்கு பச்சை, 0.114 பங்கு நீலம் சேர்த்து ஒரு கறுப்பு-வெள்ளைப் படம் செய்து, தீர்ப்பை அதில் மட்டும் எடுங்கள். அந்தத் தீர்ப்பையே மூன்று நிறங்களுக்கும் பயன்படுத்துங்கள்.

விதியை மாற்றினால் இதே முறை வேறு வேலைக்கும் போகும். லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் பான்குரோமாட்டிக் (கறுப்பு-வெள்ளை) படத்தில் ஒரு பிக்சல் 15 மீட்டர், வண்ணப் படங்களில் 30 மீட்டர். இங்கே போட்டியே கிடையாது. சராசரித் தட்டு வண்ணப் படத்திலிருந்து, வித்தியாசத் தட்டுகள் பான்குரோமாட்டிக் படத்திலிருந்து. 30-க்கும் 15-க்கும் சரியாக இரண்டு மடங்கு என்பதால் ஒரே சுற்றில் கணக்கு முடிந்துவிடும்.

திரும்பச் சேர்த்துச் சோதிப்பது

வேவ்ரெக்2-க்குக் கொடுத்தால் படம் வந்துவிடும். சில எண்கள் 0-க்குக் கீழும் 255-க்கு மேலும் போயிருக்கும். சேமிக்கும் முன் 0-க்கும் 255-க்கும் நடுவில் கத்தரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் கரும்புள்ளிகள் தோன்றும்.

படம் கண்ணுக்கு நன்றாக இருந்தாலும் ஒரு சோதனை பாக்கி. இணைத்த படத்திலிருந்து முதல் படத்தைக் கழித்துப் பாருங்கள். கழிக்கும் முன் இரண்டையும் தசம எண்ணாக மாற்றுவது முக்கியம். 0 முதல் 255 வரை மட்டுமே கொள்ளும் 8 பிட் முழு எண்ணாகவே விட்டால் 40-இல் 200 போனால் −160 வராது, 96 வரும். அந்தத் தவறில் கிடைக்கும் படம் விநோதக் கோலமாக இருக்கும், பிழை எங்கே என்று தேடியே பொழுது போய்விடும்.

சரியாகச் செய்திருந்தால், கழித்த படத்தில் பாட்டில் இருந்த இடம் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும், காலண்டரின் எழுத்துகள் மட்டும் கோடு கோடாகத் தெரியும். இரண்டாவது படத்தைக் கழித்தால் இதற்கு நேர் எதிர். வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகள் இரட்டைக் கோடாகத் தெரிந்தால் பொருத்தம் தப்பு, அந்தப் படிக்கே திரும்புங்கள். தூவல் தூவலாகப் புள்ளிகள் தெரிந்தால் 3 × 3-ஐ 5 × 5 ஆக்கிப் பாருங்கள்.

பாட்டிலின் வெளி ஓரத்தைச் சுற்றி மட்டும் மெல்லிய மங்கல் வளையம் ஒன்று போகாமல் அடம்பிடிக்கும். அது உங்கள் தவறல்ல. காலண்டர் மேல் ஃபோகஸ் வைத்தபோது கலங்கிய பாட்டில் பருத்து, தன் ஓரத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரின் மேல் வழிந்துவிட்டது. பாட்டில் மேல் ஃபோகஸ் வைத்த படத்திலோ அந்தச் சுவரே கலங்கல். அந்த மெல்லிய பட்டை எந்தப் படத்திலும் தெளிவாக இல்லை, பொறுக்கி எடுக்க அங்கே ஒன்றும் கிடையாது. கேமராவில் லென்ஸின் துளையை (அபர்ச்சர்) சிறிதாக்க முடிந்தால் வளையம் ஒடுங்கும். ஃபோனில் அது பெரும்பாலும் முடியாது. நான் பாட்டிலைக் காலண்டரின் எழுத்து இல்லாத பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டேன்.